மேபெல் மட்டும் ஏன் மருத்துவமனைக்குப் போனாள்?

ஜான் கசாவெட்டிஸ் எடுத்து 1974-இல் வெளிவந்த 'எ வுமன் அண்டர் த இன்ஃப்ளூயன்ஸ்' படத்தைக் கணவரோடு உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்கள். மேபெலுக்கு நிஜமாகவே மனநோய் என்கிறார் அவர். அந்த வீடுதான் அவளை அப்படி ஆக்கியது என்கிறீர்கள் நீங்கள். விவரம் தெரிந்த யாராவது நோயின் பெயரைச் சொல்லிவிட்டால் சண்டை தீர்ந்துவிடும் என்று கேட்டிருக்கிறீர்கள். பெயரைச் சொன்னாலும் தீராது என்று நினைக்கிறேன். உங்கள் கேள்வியைத் திரும்பத் திரும்பப் படித்தபோது, உங்களை உறுத்துவது வேறொன்று என்று பட்டது: அத்தனை பேர் கத்துகிற வீட்டில் அவள் ஒருத்தியை மட்டும் ஏன் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்? இதற்கு என்னால் ஓரளவு பதில் சொல்ல முடியும். பெயர் விஷயத்தில் கொஞ்சம்தான் முடியும்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். மனநல மருத்துவமனையில் 22 ஆண்டுகள் சமூகப் பணியாளராக இருந்தேன். மருத்துவர் இல்லை. நோய்க்குப் பெயர் வைப்பதும் மருந்து எழுதுவதும் அவர்கள் பாடு. நோயாளியின் வீட்டாரைத் தனியாகவும் சேர்த்தும் உட்கார வைத்துப் பேசி, அந்த வீட்டில் யார் எப்படி, யார் சொல் எடுபடும், திரும்பிப் போனால் இவருக்கு அங்கே என்ன காத்திருக்கிறது என்று ஒரு குறிப்பு எழுதுவது என் வேலை. பயிற்சிக் காலத்தில் எங்கள் ஆசிரியர் இதே படத்தைப் போட்டுக் காட்டி, மேபெலின் லாங்கெட்டி குடும்பத்துக்கு அப்படி ஒரு குறிப்பு எழுதச் சொன்னார். இரண்டு பக்கமும் மேபெலைப் பற்றியே எழுதிக் கொடுத்தேன். ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே ஒரு கேள்வி எழுதித் திருப்பித் தந்தார்: "புருஷன் எங்கே?" அதற்கப்புறம் நாலைந்து தடவை பார்த்துவிட்டேன். கீழே எழுதுவதில் பாதி, அந்தக் கேள்விக்கு இத்தனை காலம் கழித்து நான் எழுதும் பதில்.

படம் பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு தொழிலாளர் குடும்பம். நிக் வேலைக் கும்பலுக்கு மேஸ்திரி. மேபெல் அவன் மனைவி. டோனி, ஆஞ்சலோ, மரியா என்று மூன்று குழந்தைகள். அன்று இரவு இருவரும் தனியாக இருக்கலாம் என்று குழந்தைகளைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டு மேபெல் காத்திருக்கிறாள். தண்ணீர்க் குழாய் உடைந்த அவசர வேலையால் நிக் வரவில்லை. அவள் தனியாக ஒரு மதுக்கடைக்குப் போய்க் குடித்து, முன்பின் தெரியாத ஒருவனோடு வீடு திரும்புகிறாள். காலையில் நிக் கும்பலையே சாப்பிடக் கூட்டி வருகிறான். அடுத்தடுத்து நடப்பதில் எல்லாம் முற்றி, மாமியார் வற்புறுத்த, டாக்டர் வீட்டுக்கு வர, மேபெல் மருத்துவமனைக்குப் போகிறாள். ஆறு மாதம் கழித்துத் திரும்புகிறாள். திரும்பிய அந்த ஒரு மாலைதான் படத்தின் கடைசிப் பகுதி.

உங்கள் கணவர் பக்கம் இருப்பதை முதலில் கொடுத்துவிடுகிறேன். மேபெலுக்கு உடம்பு சரியில்லை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்தக் காலை உணவுக் காட்சியையே பாருங்கள். வந்தவர்களுக்கு ஸ்பகெட்டி செய்து போட்டு, ஒவ்வொருவர் பெயரையும் ஆசையாகக் கேட்கிறாள். அதுவரை நல்ல வீட்டுக்காரி. அப்புறம் ஓர் ஆளிடம் போய் முகத்தோடு முகம் வைத்து நெருங்கி, ஆட வரச்சொல்லி வற்புறுத்துகிறாள். அவன் நெளிகிறான், மேசையில் ஒவ்வொருவராக வாய் மூடுகிறார்கள், அவளுக்கு மட்டும் அது உறைக்கவில்லை. எதிரில் இருப்பவர் முகத்தைப் படிக்கும் சக்தி அந்த நேரத்தில் அவளிடம் இல்லை. கட்டைவிரலை வெட்டி வெட்டிக் காட்டும் சைகைகள், உதட்டால் எழுப்பும் சத்தங்கள், யாரும் கேட்காத பேச்சுக்குப் பதில் சொல்வது போன்ற முகபாவங்கள் எல்லாம் கணவன் முன்னால் மட்டும் வருவன அல்ல, குழந்தைகளோடு தனியாக இருக்கும்போதும் வருகின்றன. கடைசியில் தன் கையைத் தானே அறுத்துக்கொள்கிறாள். வீட்டின் அழுத்தம் என்று மட்டும் சொல்லி இதையெல்லாம் தாண்டிப் போனால், அவள் படும் வேதனையைக் குறைத்து மதிப்பிடுகிறோம். "அவள் ஒரு சுதந்திரப் பறவை, சமூகம்தான் நோயாளி" என்று எழுதும் விமர்சனங்களைப் படிக்கும்போது, இவர்கள் ஒரு வாரமாவது இப்படி ஒருவரோடு ஒரே வீட்டில் இருந்து பார்த்திருக்கிறார்களா என்று எனக்குத் தோன்றும்.

பெயர் என்று வந்தால் நிலம் வழுக்குகிறது. பைபோலார், அதாவது மனம் எல்லை மீறி ஏறுவதும் சோர்ந்து இறங்குவதுமாக மாறி மாறி வரும் நோய் என்று பலர் சொல்கிறார்கள். அந்தப் பேச்சின் வேகம், எல்லை தெரியாத நெருக்கம், அந்த இரவு எல்லாம் அதன் ஏறும் கட்டமான மேனியாவைப் போலத்தான் இருக்கின்றன. ஆனால் மேனியா என்று எழுத மருத்துவருக்கு நாள்கணக்கு வேண்டும். எத்தனை நாளாக இப்படி, தூக்கம் எப்படி, இதற்கு முன் எப்போது வந்தது, இடையில் இறங்கிய காலம் உண்டா, பிறந்த வீட்டில் வேறு யாருக்காவது இருந்ததா, குடி எவ்வளவு? படம் நமக்குக் காட்டுவது மருத்துவமனைக்கு முன்னால் சில நாள், பின்னால் ஒரே மாலை. மேலே கேட்டவற்றில் குடியைப் பற்றி மட்டும் ஓர் இரவு தெரிகிறது. படத்தின் பெயரில் உள்ள 'அண்டர் த இன்ஃப்ளூயன்ஸ்' ('ஒன்றின் பிடியில்') என்பதே அமெரிக்கப் போலீஸ் வழக்கில் குடித்துவிட்டு வண்டி ஓட்டுபவர்களைச் சொல்லும் சொற்றொடர்தான். எதன் பிடியில் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டார் கசாவெட்டிஸ். ஆளுமைக் கோளாறு என்பவர்களுக்கும் இதே பதில்தான்: ஓர் ஆளுமையைத் தீர்மானிக்க ஆண்டுகள் வேண்டும், ஏறக்குறைய இரண்டரை மணி நேரப் படம் போதாது.

1974-இல் ஓர் அமெரிக்க மருத்துவமனை என்ன எழுதியிருக்கும் என்று ஊகிப்பது இதைவிடச் சுலபம். மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரீனியா) என்று எழுதியிருக்கக் கூடும். குரல் கேட்பது போன்ற தெளிவான அறிகுறி எதுவும் அவளிடம் தெரியாவிட்டாலும்கூட. அந்தக் காலத்து அமெரிக்காவில் அந்தச் சொல் அவ்வளவு அகலமாக இருந்தது. நியூயார்க், லண்டன் மருத்துவமனைகளை ஒப்பிட்டு 1972-இல் வெளிவந்த ஆய்வு இதைக் காட்டியது. நியூயார்க்கில் மனச்சிதைவு மிக அதிகம் என்று பதிவேடுகள் சொல்லின. இரண்டு ஊர் நோயாளிகளையும் ஒரே முறையில், ஒரே அளவுகோலால் பார்த்தபோது அந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி காணாமல் போயிற்று. வித்தியாசம் நோயாளிகளிடம் இருந்ததைவிட மருத்துவர்களின் பேனாவில் அதிகம் இருந்தது. அளவுகோலை இறுக்கிய டிஎஸ்எம் என்ற அமெரிக்க மனநோய்க் கையேட்டின் மூன்றாம் பதிப்பு 1980-இல்தான் வந்தது. ஆக, மேபெலின் கோப்பில் ஒரு பெயர் இருந்திருந்தாலும் அதை வைத்து உங்கள் சண்டையை நான் தீர்த்திருக்க மாட்டேன்.

இனி நிக். மேபெல் செய்தவற்றை எண்ணியது போலவே இவன் செய்தவற்றையும் எண்ணிப் பாருங்கள். இரவெல்லாம் வேலை பார்த்த ஆட்களைச் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குக் கூட்டி வருகிறான், பிறகு அதே மேசையில் எல்லார் முன்னாலும் மனைவியை அதட்டுகிறான். தன் குழந்தைகளோடு விளையாட வந்த பக்கத்துப் பிள்ளைகளின் அப்பாவோடு கைகலக்கிறான். மனைவியை அறைகிறான், கொன்றுவிடுவேன் என்கிறான். அவளை அனுப்பிவிட்டு வேலைக்குப் போனவன் உடன் வேலை செய்பவனிடம் எரிந்து விழ, அந்த ஆள் சரிவில் உருண்டு அடிபடுகிறான். பள்ளிக்கூடத்திலிருந்து குழந்தைகளைக் கிளப்பிக் கடற்கரைக்கு இழுத்துப் போய், திரும்பும் வழியில் லாரியில் வைத்து அவர்களுக்கு பீர் கொடுக்கிறான். மனைவி மருத்துவமனையிலிருந்து திரும்பும் நாளில் வீடு நிறைய ஆட்களைக் கூப்பிட்டு வைக்கிறான். அது தப்பு என்று அவன் அம்மா சொன்ன பிறகுதான் அவர்களை மழையில் திருப்பி அனுப்புகிறான். இத்தனையும் ஒரு பெண் செய்திருந்தால் டாக்டர் முதலில் யாரைப் பார்க்க வந்திருப்பார்?

நிக்குக்கும் மனநோய் என்று நான் சொல்ல வரவில்லை. அவனை எனக்குப் பிடிக்கும், அதையும் சொல்லிவிட வேண்டும். மேபெல் பைத்தியம் இல்லை, அவள் கொஞ்சம் வேறு மாதிரி, அவ்வளவுதான் என்று உடன் வேலை செய்பவனிடம் அவன் சொல்லும் இடத்தில் அத்தனை காதல் இருக்கிறது. பீட்டர் ஃபால்க் அதை நடித்திருக்கும் விதத்துக்காகவே அந்தக் காட்சியைப் பார்க்கலாம். நான் சொல்ல வருவது வீட்டுக் குறிப்பு எழுதுபவர்களுக்குப் பழகிய விஷயம். யாருக்கு நோய் என்பது ஒரு கேள்வி. யார் மருத்துவமனைக்குப் போகிறார் என்பது வேறு கேள்வி. முதலாவதற்குப் பதில் உடம்பில், மூளையில், வாழ்ந்த வாழ்க்கையில் இருக்கிறது. இரண்டாவதற்குப் பதில் பெரும்பாலும் யார் சம்பளம் கொண்டுவருகிறார், யார் சத்தம் 'கோபம்' என்றும் யார் சத்தம் 'கிறுக்கு' என்றும் பெயர் பெறுகிறது என்பதில் இருக்கிறது. நிக்கின் வெடிப்புகளுக்கு அந்த வீட்டில் 'வேலைக் களைப்பு' என்று பெயர். மேபெலின் வெடிப்புகளுக்கு டாக்டர் ஸெப் வருகிறார். அவள் இரண்டு விரல்களைச் சிலுவையாக வைத்து, பேயை விரட்டுவதுபோல் அவரைத் தடுக்கிறாள். அந்த அறையில் அவளுடைய கையில் இருந்த ஒரே ஆயுதம் அதுதான்.

சட்டத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், இதை யாரும் எழுதிப் பார்த்ததில்லை. கலிஃபோர்னியாவில் மனநோயாளிகளைக் கட்டாயமாக வைத்திருப்பதற்கு வரம்பு வைத்த லாண்டர்மன்-பெட்ரிஸ்-ஷார்ட் சட்டத்தில் ஆளுநர் ரீகன் 1967-இல் கையெழுத்திட்டார், படம் வருவதற்குள் அது நடைமுறைக்கும் வந்துவிட்டது. அன்றைய அதன் விதிப்படி ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாக முதலில் 72 மணி நேரம்தான் வைத்திருக்கலாம். அதுவும் தனக்கோ பிறருக்கோ ஆபத்து, அல்லது சோறு துணி வீடு என்ற அடிப்படைத் தேவைகளைக்கூட நோயினால் பார்த்துக்கொள்ள முடியாத நிலை என்றால்தான். அதற்கு மேல் 14 நாள். நீண்ட காலம் வைத்திருக்க வேண்டுமானால் நீதிமன்றம் வழியாகக் காப்பாளர் ஒருவரை நியமிக்க வேண்டும். கணவனும் மாமியாரும் குடும்ப டாக்டரும் கூடத்தில் நின்று முடிவெடுத்து ஆறு மாதம் அனுப்புவது அந்தச் சட்டம் ஒழிக்க முயன்ற பழைய முறை. அடிப்படைத் தேவையைப் பார்த்துக்கொள்ள முடியாதவள் என்று ஒரு பெண்ணைச் சொல்வதற்கு, அவள் ஒரு வேலைக் கும்பலுக்கே சமைத்துப் போட்டது கொஞ்சம் இடைஞ்சல். அவளாகவே சம்மதித்துத் தங்கியிருந்தால் கணக்கு வேறு, ஆனால் படத்தில் அப்படி ஒரு சம்மதம் காட்டப்படவில்லை. கசாவெட்டிஸுக்குச் சட்ட நடைமுறையில் அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை. அவருக்கு அந்தக் கூடம் போதுமாக இருந்தது.

இப்போது உங்கள் பக்கம். வீடு ஒருவரை நோயாளி ஆக்குமா? இந்தப் படம் வந்த காலத்தில் ஆக்கும் என்று அடித்துச் சொன்ன ஒரு தலைமுறையே இருந்தது. கிரகரி பேட்சனும் அவருடைய சகாக்களும் 1956-இல் 'டபுள் பைண்ட்' என்ற கருத்தை முன்வைத்தார்கள். எந்தப் பக்கம் இழுத்தாலும் இறுகும் முடிச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனையில் தன்னைப் பார்க்க வந்த அம்மாவின் தோளில் மகன் கை போடுகிறான். அவள் விறைக்கிறாள். கையை எடுத்துவிடுகிறான். உடனே அவள், "இப்போதெல்லாம் என்மேல் பாசம் இல்லையா?" என்கிறாள். அவர்கள் தந்த உதாரணம் இது. மேபெல் வீட்டில் அது அப்படியே நடக்கிறது. நீயாக இரு, நீயாகவே இரு என்கிறான் நிக். அவளாக இருந்தால், உட்காரு என்று கத்துகிறான். நான் எப்படி இருக்க வேண்டும் என்று சொல், அப்படியே இருக்கிறேன், எதுவாகவும் இருப்பேன் என்று அவள் கேட்கும் இடம், அந்த முடிச்சுக்குள் இருப்பவர் பேசும் மொழி. திரும்பி வந்த நாளில் அவள் அடங்கி ஒடுங்கி, மெல்லிய குரலில் நல்ல பெண்ணாக நிற்கும்போது, பழைய சத்தங்களை எழுப்பிக் காட்டச் சொல்லிக் கெஞ்சுபவனும் அவனே. எவற்றுக்காக அனுப்பினானோ அவற்றையே திருப்பிக் கேட்கிறான்.

ஆனால் அந்தத் தலைமுறை ஒரு படி தாண்டிவிட்டது. குடும்பப் பேச்சு முறைதான் மனச்சிதைவை உண்டாக்குகிறது என்ற வாதம் ஆராய்ச்சியில் நிற்கவில்லை. அதற்குள் எத்தனையோ தாய்மார் 'நீதான் உன் பிள்ளையைக் கெடுத்தாய்' என்று மருத்துவர் வாயால் கேட்டுவிட்டார்கள். என்னிடமும் அப்படிக் கேட்டு ஒடிந்துபோன ஒரு வயதான அம்மா வந்திருக்கிறார். இருபது வருடத்துக்கு முன் யாரோ சொன்ன ஒரு வாக்கியத்தை எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தார். எனவே 'வீடுதான் அவளை அப்படி ஆக்கியது' என்ற உங்கள் வாக்கியத்தை அப்படியே ஒப்புக்கொள்ள என்னால் முடியாது.

நின்ற உண்மை இதைவிட அடக்கமானது. ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளர் 1950-களில் லண்டனில் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். நீண்ட காலம் மருத்துவமனையில் இருந்து வெளியேறிய ஆண்களில், பெற்றோரிடமோ மனைவியிடமோ திரும்பியவர்களுக்கு நோய் மீண்டும் முற்றியது அதிகம். வாடகை அறைக்கோ உடன்பிறந்தவர் வீட்டுக்கோ போனவர்கள் அவ்வளவு மோசமாகவில்லை. அடுத்த இருபது ஆண்டு ஆய்வுகளில் காரணம் தெளிவாயிற்று. ஓயாத குறை சொல்லல், பகைமை, அளவுக்கு மீறி மேலே விழுந்து கவனித்தல் இவை மிகுந்த வீட்டில், வாரத்துக்கு 35 மணி நேரத்துக்கு மேல் முகத்தோடு முகம் இருந்தால் ஆபத்து கூடுகிறது. மூன்றாவதைக் கவனியுங்கள். பாசம்கூட ஒரு கட்டத்தில் சுமையாகிவிடுகிறது. வீடு நோயைப் படைப்பதில்லை, வந்த நோய் தணிவதா திரும்புவதா என்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. பிரவுன் பார்த்தவர்கள் மனச்சிதைவு நோயாளிகள், மேபெலுக்கு அதுதானா என்பது நிச்சயமில்லை. பிற்பாடு மனச்சோர்விலும் பைபோலாரிலும் இதே போக்கு தெரிந்தது என்பதால் துணிந்து சொல்கிறேன்.

இதை மனதில் வைத்துக்கொண்டு அந்தத் திரும்பும் மாலையைப் பாருங்கள். கூட்டத்தை அனுப்பிய பிறகும் இரு வீட்டாரும் கூடத்தில் இருக்கிறார்கள். எல்லாருடைய கண்ணும் அவள் முகத்தில். இயல்பாக இரு என்று ஆளாளுக்குச் சொல்லாமல் சொல்கிறார்கள். அவளுக்கு வேண்டியது இரண்டு மணி நேரத் தனிமையும் குழந்தைகளும்தான். சாப்பாட்டு மேசையில் தன் அப்பாவைப் பார்த்து, எனக்காக நிற்பீர்களா அப்பா என்று கேட்கிறாள். அவர் நாற்காலியிலிருந்து எழுந்து நிற்கிறார். அதைச் சொல்லவில்லை, உட்காருங்கள் என்கிறாள். மறுபடி கேட்கிறாள். அவருக்குப் புரியவில்லை, அல்லது புரிந்தும் முடியவில்லை. என் பணிக்காலத்தில் நான் உட்கார்ந்திருந்த குடும்பச் சந்திப்புகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு காட்சியில் அடங்கிவிடும். மகளுக்காக எழுந்து நிற்கத் தயாராக இருக்கும் அப்பாக்கள் நிறைய. மாப்பிள்ளை முன்னால் அவளுக்காக ஒரு வார்த்தை சொல்லச் சொன்னால் தரையைப் பார்ப்பார்கள்.

படத்தில் நடிப்பெல்லாம் அந்த நேரத்தில் தோன்றியபடி செய்தது என்று ஒரு பேச்சு உண்டு, உங்கள் பதிவிலும் இருந்தது. அப்படியில்லை, கசாவெட்டிஸ் எழுதித்தான் எடுத்தார். முதலில் மேடைக்கென்று யோசித்தது. இதை வாரம் முழுக்க இரவுக்கு இரவு நடித்தால் தாங்க மாட்டேன் என்று மேபெலாக நடித்த ஜீனா ரோலண்ட்ஸ் சொன்னதால் படமாயிற்று. வேறு யாரும் பணம் போடாததால் கசாவெட்டிஸ் வீட்டை அடமானம் வைத்தார், ஃபால்க் தன் பணத்தைப் போட்டார். மாமியாராக நடித்தவர் கசாவெட்டிஸின் சொந்த அம்மா, மேபெலின் அம்மாவாக நடித்தவர் ரோலண்ட்ஸின் சொந்த அம்மா. குடும்பத்தைப் பற்றிக் குடும்பத்தை வைத்தே எடுத்த படம். ஆனால் மருத்துவமனை ஒரு காட்சியில்கூட வரவில்லை. அங்கே என்ன மருந்து கொடுத்தார்கள், திரும்பிய மேபெலின் அந்த அடக்கம் மருந்தினாலா பயத்தினாலா என்று கேட்டால், படத்தை வைத்து யாராலும் சொல்ல முடியாது. சொல்பவர்களை நம்பாதீர்கள்.

கணவரோடு இன்னொரு தடவை பார்ப்பதாக இருந்தால், வீட்டுக் குறிப்பு எழுதுபவரின் கண்ணோடு அந்த வீட்டைப் பாருங்கள். குழந்தைகளுக்கு மாடியில் அறை இருக்கிறது. நிக்கும் மேபெலும் படுப்பது சாப்பாட்டு அறையில், இழுத்து விரிக்கும் கட்டிலில். மூன்று பிள்ளை பெற்ற அந்தப் பெண்ணுக்குச் சாத்திக்கொள்ள ஒரு கதவு என்று பார்த்தால் குளியலறைக் கதவு ஒன்றுதான் தேறும். கடைசியில் ரத்தம் வழியும் கையோடு அவள் சோபாமேல் நிற்க, நிக் அவளை அறைந்து கீழே தள்ளுகிறான். அவன் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டுபோய் மாடியில் விட விட, அவர்கள் இறங்கி ஓடிவந்து அவளைக் கட்டிக்கொள்கிறார்கள். நான் எழுதிய குறிப்பில் இந்தக் குழந்தைகள் இல்லவே இல்லை, அதைச் சிவப்பு மையும் விட்டுவிட்டது. எல்லாம் ஓய்ந்த பிறகு நிக் அவள் கைக்குக் கட்டுப் போடுகிறான், இருவரும் மேசையைத் துடைத்து ஒதுக்கிவிட்டுப் படுக்கையை விரிக்கிறார்கள். டெலிபோன் அடிக்கிறது, யாரும் எடுக்கவில்லை.